பொதுக்கல்வித் தாளில் கற்றல் குறிக்கோள்: வினைச்சொல்லும் வினாத்தாளும்

0. பட்டப்படிப்பில் ஒரு மாணவர் தம் சிறப்புப் பாடத்தோடு சேர்த்து, எல்லாத் துறையினர்க்கும் உரியனவாகக் கற்கும் பாடங்களைப் பொதுக்கல்விப் பாடங்கள் என்பர். வேதியியல் பயில்பவர் மொழி கற்பதும், வணிகவியல் பயில்பவர் சுற்றுச்சூழல் கற்பதும் இதன்பாற்படும். இப்பாடங்களால் மாணவர் எய்தியது யாது என்பதை அளந்து காட்டவேண்டும் என்னும் கோரிக்கை அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. அளக்கும் முறைகள் குறித்துக் கல்வியியலார் எழுதியவை மிகுதி. ஆயினும், கற்றல் குறிக்கோள் என்பது வேறு எதுவாக இருப்பதற்கும் முன்னர் ஒரு வாக்கியம். தமிழில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டி அமைக்கப்பட்ட வாக்கியம். அவ்வாக்கியத்தின் மொழியையும், அதனை அளப்பதாகக் கூறப்படும் வினாத்தாளின் மொழியையும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பகுதி 1 தமிழ்த் தாளை முன்வைத்து ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. பின்புலம்

ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு 1945இல் வெளியிட்ட அறிக்கை, பொதுக்கல்வி மாணவரிடம் வளர்க்கவேண்டியவை நான்கு எனக் கூறியது: திறம்படச் சிந்தித்தல், சிந்தித்ததைப் பிறர்க்கு உணர்த்தல், பொருத்தமான தீர்ப்புக்கு வருதல், விழுமியங்களை வேறுபடுத்தி அறிதல். இவற்றுள் இரண்டாவது மொழிப்பாடத்தின் நேரடிப் பொறுப்பு. இந்தியாவில் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49) பட்டப்படிப்பில் பொதுக்கல்விக்கு இடம் வேண்டும் என வற்புறுத்தியது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரேயொரு சீர்திருத்தம் மட்டும் செய்யலாம் எனின் அது தேர்வு முறையில் செய்யப்படவேண்டும் என்று கூறியதும் அதே குழுதான். பின்வந்தோர் முதற்கருத்தைப் பாடத்திட்டத்தில் ஏற்றிக்கொண்டனர். இரண்டாவதை மேற்கோளாகப் போற்றிவந்தனர்.

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. பகுதி 1 தமிழ் அல்லது மாணவர் தேர்ந்த பிறிதொரு மொழி; பகுதி 2 ஆங்கிலம்; பகுதி 3 சிறப்புப் பாடமும் சார்புப் பாடங்களும். சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, பிற துறை விருப்பப் பாடம் ஆகியன பகுதி 4இலும், விரிவாக்கப் பணிகள் பகுதி 5இலும் அடங்கும். அறிவியல் மாணவர் பெரும்பாலும் முதல் நான்கு பருவங்களில் தமிழ் கற்கின்றனர். பொதுக்கல்வி என்னும் பெயர் இல்லாமலே நெடுங்காலமாக நடந்துவரும் பொதுக்கல்வி இது. இந்திய அளவில், பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம், 120 கிரெடிட் கொண்ட மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் மொழிக்குரிய ஆற்றல் மேம்பாட்டுப் பாடங்களுக்குக் குறைந்தது 8 கிரெடிட் ஒதுக்குகிறது. மொழிக்குரிய நேரம் இவ்வாறு எண்ணி வழங்கப்படும் காலத்தில், அந்நேரத்தால் விளைந்தது என்ன என்னும் வினாவுக்கு மொழித்துறைகள் மெய்யான விடை வைத்திருக்கவேண்டும்.

விளைவுகளை எழுதி அளக்கும் வழக்கம் பொறியியல் கல்வியின் வழியாகவே இந்தியாவில் பரவியது எனலாம். தேசிய தர அங்கீகார வாரியம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிலையான உறுப்பாகச் சேர்ந்தபோது, ‘கற்றபின் மாணவர் என்ன செய்வார்’ என்று எழுதிக்காட்டுவது பொறியியல் கல்லூரிகளின் கடமையாயிற்று. கலை, அறிவியல் கல்லூரிகளில் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவின் ஆய்வுகளும் மானியக் குழுவின் வழிகாட்டு நெறிகளும் இதனைக் கட்டாயமாக்கின. பாலம் கட்டுவோர்க்கு வகுத்த படிவத்தில் குறுந்தொகை நிரப்பப்பட்ட வரலாறு இதுவே.

2. கலைச்சொற்கள்

ஆங்கிலக் கல்வியியலில் பொது நோக்கம், குறிக்கோள், வகுப்பறை இலக்கு, விளைவு என நான்கு படிகளுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. முதல் மூன்றும் கற்பிப்பவர் பக்கம் நிற்பவை. நான்காவது கற்பவரிடம் காணப்படுவது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டங்களில் நோக்கம், குறிக்கோள், இலக்கு என்பன ஒன்றன் இடத்தில் ஒன்று தடையின்றி வருகின்றன. விளைவைக் குறிக்க ‘கற்றல் விளைவு’, ‘கற்றல் பயன்’, ‘கற்றல் அடைவு’, ‘வெளிப்பாடு’ எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ‘விளைவு’ தானாக நிகழ்வது. ‘அடைவு’ முயன்று எய்துவது. ‘பயன்’ என்பதற்கோ எய்தியதால் வரும் நன்மை என்னும் பொருளும் உண்டு. பயன் என்று தலைப்பிட்டுவிட்டால், அதன்கீழ்ப் போட்டித் தேர்வுக்கு உதவும் என்று எழுதுவதில் பிழை காண இயலாது. தலைப்புச் சொல்லே அதற்கு இடந்தருகிறது.

இலங்கைத் தமிழ்க் கல்வி வழக்கு இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. அங்கு ஆசிரியர் வழிகாட்டி நூல்களில் ‘கற்றற்பேறு’ என்பது விளைவையும், ‘தேர்ச்சி’ என்பது ஒன்றைச் செய்யவல்ல நிலையையும் குறிக்கின்றன. தேர்ச்சிக்கு மட்டங்களும் உண்டு. தமிழ்நாட்டில் ‘தேர்ச்சி’ என்றால் நூற்றுக்கு நாற்பது பெறுவது என்றே மாணவர் பொருள் கொள்வர். வல்லமையைக் குறித்த ஒரு நல்ல சொல் இங்குத் தேர்வு முடிவுப் பட்டியலின் சொல்லாகிவிட்டது. அவ்வாறே, மாணவர் கற்கும்போதே நிலையறியும் செயலைக் ‘கணிப்பீடு’ என்றும், முடிவில் தரம் கூறும் செயலை ‘மதிப்பீடு’ என்றும் இலங்கை நூல்கள் பிரிக்கின்றன. தமிழ்நாட்டில் ‘மதிப்பீடு’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருவதோடு, ப்ளூம் வகுத்த அறிவுப் படிகளுள் ஒன்றுக்கும் வருகிறது. ஆசிரியர் மாணவரை மதிப்பிடுவதும், மாணவர் ஒரு கவிதையை மதிப்பிடுவதும், பல்கலைக்கழகம் விடைத்தாளை மதிப்பிடுவதும் ஒரே வினையால் சுட்டப்படும்போது, யார் எதை எதற்காக என்பது மங்கிப்போகிறது.

விடைத்தாள் தொடர்பாகப் பேச்சு வழக்கில் உள்ள சொல் வேறு. ‘பேப்பர் திருத்துதல்’ என்பதே ஆசிரியர் அனைவரும் ஆளும் தொடர். திருத்துதல் என்றால் பிழை நீக்கிச் செப்பம் செய்தல். பல்கலைக்கழகத் தேர்வில் அவ்வாறு எதுவும் திருத்தப்படுவதில்லை. மதிப்பெண் இடப்படுகிறது, அவ்வளவே. தம் பிழை எது என்பதை மாணவர் பெரும்பாலும் காண்பதுமில்லை. பள்ளியில் சிவப்பு மையோடு பொருந்திநின்ற சொல், பொருளை இழந்தபின்னும் பல்கலைக்கழகத்தில் வழங்குகிறது.

3. குறிக்கோள் வாக்கியத்தின் வினை

பெஞ்சமின் ப்ளூமும் உடன் பணியாற்றியோரும் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு, அறிவுசார் குறிக்கோள்களை அறிவு, புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு படிகளாக்கியது. ஆண்டர்சனும் க்ராத்வோலும் 2001இல் இதனைத் திருத்தியபோது, பெயர்ச்சொற்களாக இருந்த படிகளை வினைகளாக மாற்றினர். இறுதி இரண்டின் இடத்தையும் மாற்றிப் படைத்தலை உச்சியில் வைத்தனர். இந்த ஆறு வினைகளே இன்று பாடத்திட்டங்களில் கே1 முதல் கே6 வரை எனக் குறிக்கப்படுகின்றன. இதற்கிடையே ராபர்ட் மேகர் 1962இல் ஒரு சிறு நூலில், பயனுள்ள குறிக்கோளுக்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்றார்: மாணவர் செய்யும் செயல், அதனைச் செய்யும் சூழல், எவ்வளவு செம்மையாகச் செய்தால் போதும் என்னும் அளவு. அறிதல், புரிதல், சுவைத்தல் போன்ற வினைகள் பல பொருளுக்கு இடந்தருவதால் அவற்றைத் தவிர்க்கவேண்டும் என்றும் அவர் எச்சரித்தார்.

தமிழ்ப் பாடத்திட்டங்களில் குறிக்கோள் வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரு வாய்பாட்டில் அமைகின்றன: ‘சங்க இலக்கியத்தின் சிறப்பை அறிந்துகொள்வர்’, ‘பக்தி இலக்கியத்தின் வழி வாழ்வியல் விழுமியங்களை உணர்வர்’ என்பன போன்ற தொடர்கள். மேகர் கேட்ட மூன்று உறுப்புகளுள் ஒன்றும் இவற்றில் இல்லை. இது எவரும் கூறக்கூடிய குறை. மொழியியல் நோக்கில் கருதவேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, காலம். ஆங்கில வாக்கியத்தில் எதிர்காலமும் இயலுமையும் தனித்தனி உறுப்புகளாக நிற்கின்றன. தமிழில் ‘அறிவர்’, ‘எழுதுவர்’ என்னும் எதிர்கால வினைமுற்று வழக்கத்தையும் உணர்த்தும், எதிர்பார்ப்பையும் உணர்த்தும். ‘உழவர் தைத் திங்களில் பொங்கலிடுவர்’ என்பது வருங்காலச் செய்தியன்று. எனவே, ‘மாணவர் விழுமியங்களை உணர்வர்’ என்பது தமிழ் படிப்போர் வழக்கமாக அவ்வாறு உணர்வார்கள் என்னும் பொதுவுண்மை போல ஒலிக்கிறது. ஒரு மாணவர் உணரவில்லை எனக் காட்டினாலும் அவ்வாக்கியம் பொய்யாகாது. இயலுமையைக் கூற ‘எழுத இயலும்’, ‘எழுதவல்லவர்’ என்னும் அமைப்புகள் தமிழில் உள்ளன. ‘வல்லவர்’ என்று எழுதியவுடனே ‘எதில், எவ்வளவு’ என்னும் வினா எழும். அவ்வினாவைத் தவிர்ப்பதற்காகவே ‘உணர்வர்’ தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று கூறமுடியாவிடினும், தவிர்க்கும் வேலையை அது செவ்வையாகச் செய்கிறது.

இரண்டாவது, வினைகளின் பொருட்பரப்பு. ப்ளூம் குழுவினர் அறிவு சார்ந்தவற்றை 1956இலும், மனப்பாங்கு சார்ந்தவற்றை 1964இலும் தனித்தனி நூல்களாக வகுத்தனர். தமிழில் ‘உணர்தல்’ இவ்விரு புலங்களையும் கடந்து நிற்கும் வினை. தவறு என்று உணர்வதில் அறிவு மிகுதி. நட்பின் அருமையை உணர்வதில் உணர்ச்சி மிகுதி. இச்செழுமை இலக்கியத்துக்கு நன்று. ஆனால் பாடத்திட்ட அட்டவணையில் ‘உணர்வர்’ என்பதன் எதிரே ‘கே2’ என்று குறிக்கும்போது, மனப்பாங்கு ஒன்று புரிதல் என்னும் அறிவுப்படியாக வேடமிடுகிறது. பின்னர் அதற்கு ஐந்து மதிப்பெண் வினா ஒன்றும் கேட்கப்படுகிறது. ‘அறிதல்’ என்பதும் இத்தகையதே. ஒரு செய்தி தெரிந்திருத்தல், ஒருவரோடு பழக்கமிருத்தல், பகுத்துணர்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ‘பகுப்பாய்வு’, ‘திறனாய்வு’ என்னும் இரு சொற்களிலும் ‘ஆய்’ என்னும் ஒரே அடி நிற்பதால், நான்காம் படியும் ஐந்தாம் படியும் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. ஆங்கில வினைப்பட்டியலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒட்டியவர்கள், அச்சொற்கள் தமிழில் ஏறுவரிசையில் நிற்கின்றனவா என்று பார்க்கவில்லை.

4. வினாத்தாளின் வினை

தமிழ்நாட்டில் பரவலாக உள்ள அமைப்பில் பருவத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு நடைபெறுகிறது: இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 5, பத்து மதிப்பெண் வினா 3. மீதி 25 அகமதிப்பீடு. வினாக்களின் முடிபு பெரும்பாலும் ‘-க’ என்னும் வியங்கோள். வியங்கோள் வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வரும் என்பது இலக்கண மரபு. வினாத்தாளின் ‘விளக்குக’ விதித்தல் பொருளது. எழுதுக, தருக, சுட்டுக, விளக்குக, விவரிக்க, புலப்படுத்துக, நிறுவுக, ஆராய்க, திறனாய்க, மதிப்பிடுக என்று இவ்வினைகள் ஏராளம். பாடத்திட்டத்தின் படிகளை வினாத்தாள் பின்பற்றுகிறதா என்று சரிபார்ப்போர், இவ்வினைகளைப் பார்த்தே கே-எண் இடுகின்றனர்.

மொழியியலார் நன்கறிந்த மாற்றீட்டுச் சோதனையை இங்குச் செய்து பார்க்கலாம். ‘வழக்குரை காதையில் கண்ணகி வழக்குரைத்த திறத்தை விளக்குக’ என்பது ஒரு வினாவாக இருக்கட்டும். வேறெதையும் மாற்றாமல் இறுதி வினையை மட்டும் ‘விவரிக்க’, ‘ஆராய்க’, ‘மதிப்பிடுக’ என மாற்றினால் விடை மாறுகிறதா? வகுப்பில் தரப்பட்ட குறிப்பிலும் கடையில் விற்கும் துணைநூலிலும் அவ்வினாவுக்கு ஒரே விடைதான் உண்டு: முன்னுரை, வாயிற்காவலன், வழக்கு, சிலம்பு உடைத்தல், மன்னன் மாய்தல், முடிவுரை. மாணவர் அதனை எழுதுவார். திருத்துபவர் அதற்கே மதிப்பெண் இடுவார். பொருள் வேறுபாடு தோன்றாவிடின் அவை தனித்தனி ஒலியன்கள் ஆகா, மாற்றொலிகளே. வினாத்தாளின் வினைகளும் ஒரே கட்டளையின் மாற்றுருக்கள்.

அவை உறழ்ச்சியாக வருகின்றனவா, துணைநிலை வழக்கில் வருகின்றனவா என்று மேலும் கேட்கலாம். ‘தருக’, ‘சுட்டுக’ ஆகியன இரண்டு மதிப்பெண் பகுதியிலும், ‘விளக்குக’ ஐந்து மதிப்பெண் பகுதியிலும், ‘ஆராய்க’, ‘மதிப்பிடுக’ பத்து மதிப்பெண் பகுதியிலும் மிகுதியாக வருவதைக் காணலாம். விதிவிலக்குகள் இருப்பினும் போக்கு இதுவே. அதாவது, இவ்வினைகள் உணர்த்துவது அறிவுச் செயலை அன்று, விடையின் நீளத்தை. ‘மதிப்பிடுக’ என்றால் மூன்று பக்கம். மாணவர் இவ்விலக்கணத்தை எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கின்றனர். நான்கு பருவத் தேர்வுகளிலும் அவர்கள் ஐயமின்றி அடையும் கற்றல் விளைவு இது எனக் கூறலாம்.

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தவற்றுள் அறிவினா ஒன்று. விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிந்தமையை அறியக் கேட்பது. ஆசிரியர் மாணாக்கரிடம் கேட்பது இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும். நினைவை அளக்கும் வினா எப்போதும் அறிவினாவே, அதில் குறையில்லை. ஆனால் ‘மதிப்பிடுக’ என்பது மெய்யாகவே மதிப்பிடுமாறு பணித்தால், கேட்பவர் அறியாத ஒரு விடை வரக்கூடும் என்பதற்கு அவ்வினா இடம் வைத்திருக்கவேண்டும். கண்ணகி மதுரையை எரித்தது முறையன்று என ஒரு மாணவர் நூற்சான்று காட்டி வாதிட்டால், விடைக்குறிப்பில் அதற்கு இடமுண்டா? இல்லையெனின், வினையில் கே5 என்று குறித்திருந்தாலும் அது அறிவினாவே.

நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றலின் அளவையும் பேசுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கர் பெறுவது கால்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால். பிறர்க்கு விரித்துரைப்பதால் மீதி இரு கால். இதனைக் கொண்டு ப்ளூமுக்கு முன்னோடி நம்மிடம் உண்டு என விழாவெடுப்பது வேண்டாதது. பின்னங்களும் அளந்து கண்டவை அல்ல. கவனிக்கவேண்டியது ஒன்று: அம்மரபில் கற்றலின் பாதி, கற்றதை அறியாதவர்க்கு எடுத்துரைக்கும் செயலில் வைக்கப்பட்டது. பகுதி 1 தாளில் மாணவர் எழுதுவது அனைத்தும், அதனை முன்னரே அறிந்த ஒருவர்க்கே எழுதப்படுகிறது.

5. அடைவுக் கணக்கு

பாடத்தில் அலகுகள் ஐந்து; கற்றல் விளைவுகளும் ஐந்து. செய்யுளுக்கு ஒன்று, உரைநடைக்கு ஒன்று, இலக்கிய வரலாற்றுக்கு ஒன்று, மொழிப்பயிற்சிக்கு ஒன்று என அலகுக்கொரு விளைவு எழுதப்படுகிறது. ஒவ்வொரு வினாவும் ஒரு விளைவோடு இணைக்கப்படுகிறது. குறித்த மதிப்பெண்ணை இத்தனை விழுக்காட்டு மாணவர் பெற்றால் அடைவு 3, அதற்குக் குறைந்தால் 2, மேலும் குறைந்தால் 1 என அட்டவணை நிரம்புகிறது. அலகு மதிப்பெண்ணுக்கு விளைவு என்று வேறு பெயரிட்டதைத் தவிர இதில் புதிதாக அறியப்பட்டது ஏதுமில்லை. மொழித்திறன் அலகு அலகாக வளர்வதுமில்லை. வாசித்துப் பொருள்கொள்ளும் திறன் முதல் அலகில் முடிந்து, கருத்தைக் கோவைப்படுத்தும் திறன் நான்காம் அலகில் தொடங்குவது எவரிடத்தும் நிகழாது. முதற்பருவத்தில் ஒரு மாணவர் எழுதியதையும் நான்காம் பருவத்தில் அவரே எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும் செய்தியை இவ்வட்டவணை தரமுடியாது. அவ்வாறு வைத்துப் பார்க்க, முதற்பருவ விடைத்தாள் எவரிடமும் இருப்பதில்லை.

6. தரவிளக்க அட்டவணையும் மொழிபெயர்ப்பும்

அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் கழகம் பொதுக்கல்வி விளைவுகளை அளப்பதற்கென 2009இல் தரவிளக்க அட்டவணைகளை வெளியிட்டது. தேர்வு நடத்துவதற்கு மாறாக, மாணவர் பாடங்களுக்காக எழுதிய கட்டுரைகளையே எடுத்து, பயிற்சி பெற்ற வாசகர் நான்கு நிலைகளில் வைத்துப் பார்ப்பது இம்முறை. எழுத்துத்திறனுக்குரிய அட்டவணையில் ஐந்து கூறுகள் உள்ளன: எழுதும் சூழலும் நோக்கமும், உள்ளடக்க வளர்ச்சி, வகைமை மரபுகள், சான்றுகள், தொடரமைப்பும் எழுத்துச் செம்மையும். தனி மாணவருக்கு மதிப்பெண் இடுவதற்காக அன்றி, ஒரு கல்லூரியின் கல்வி எந்நிலையில் உள்ளது என்று காண்பதற்காகவே இது அமைக்கப்பட்டது.

இவ்வட்டவணையைத் தமிழாக்கிப் பயன்படுத்த முனைவோர்க்கு இரு இடர்கள் எதிர்ப்படும். உள்ளடக்கக் கூறில், கீழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் உள்ள வேறுபாடு பெருமளவு அடைமொழிகளைக் கூட்டிக்கொண்டே போவதால் காட்டப்படுகிறது. அவ்வடைமொழிகளுக்குத் தகுந்த, பொருத்தமான, ஏற்புடைய என எழுதினால் தமிழ் வாசகர்க்கு அவை ஒருபொருட் பன்மொழி. நிலைகளை அடைமொழியால் பிரிக்காமல், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரி எழுத்தைக் காட்டிப் பிரிப்பதே தமிழில் இயலும் வழி. மொழிபெயர்ப்பாளர் இங்குச் சொல் தேடுவதைவிட மாணவர் எழுத்துகளைத் தேடவேண்டும்.

இரண்டாவது இடர் ஐந்தாம் கூறில் உள்ளது. ஆங்கிலத்தில் எழுத்துச் செம்மை ஐந்தில் ஒரு பங்கு. தமிழ்த் திருத்துநரிடம் ஒற்றுப்பிழையும், ரகர றகர, லகர ளகர ழகரப் பிழைகளும் மற்ற நான்கு கூறுகளையும் விழுங்கிவிடும். நன்கு சிந்தித்து எழுதிய கட்டுரை சந்திப் பிழையால் கீழிறங்குவதும், மனப்பாடம் செய்த கட்டுரை பிழையின்மையால் மேலேறுவதும் நிகழக்கூடியனவே. மேலும், ‘வந்துச்சு’ என்று எழுதுவது எக்கூறைச் சார்ந்த குறை? அது எழுத்துப்பிழை அன்று. இரட்டை வழக்குச் சூழலில் வழக்கைத் தேர்ந்ததில் நேர்ந்த பிழை. விண்ணப்பத்தில் அது குறை. சிறுகதையின் உரையாடலில் அதுவே செம்மை. எனவே அது முதற்கூறாகிய சூழல், நோக்கம் என்பதன்கீழ் வரவேண்டும். இத்தெளிவு இல்லாமல் பெயர்க்கப்படும் அட்டவணை, பேச்சுமொழியையே பிழையாகக் கருதும் பழைய நோக்குக்குப் புதிய சான்றிதழ் வழங்குவதாக முடியும்.

7. அளக்கத்தக்கதும் அளக்கலாகாததும்

சங்க இலக்கியத்தின் பெருமையை மாணவர் உணரவேண்டும் என விரும்புவது தவறன்று. நல்லாசிரியர் அனைவரும் அதனை விரும்புவர். ஆனால் அதனை அட்டவணையில் இட்டு எண் கொடுப்பது அவ்விருப்பத்துக்குப் பெருமை சேர்ப்பதாகாது. அத்தகையவற்றை நோக்கம் எனப் பாடத்தின் முகப்பில் எழுதி, அளக்காமல் விட்டுவிடலாம். அளப்பதற்கு வேறு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது நெடுநாளைய சிக்கல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தோன்றியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. வேதியியல் மாணவர் நான்காம் பருவத் தமிழ்த் தேர்வில், பாடநூலில் இல்லாத ஒரு பக்க அளவிலான செய்திக்கட்டுரையும், ஓர் ஊர்க் கிணற்று நீரின் பகுப்பாய்வு அறிக்கையும் பெறுகிறார். இவற்றைப் படித்து, அவ்வூர்க் கிராம சபையில் படிக்கத்தக்க 200 சொல் விளக்கம் ஒன்று எழுதவேண்டும் என்பது வினா. இதற்குரிய குறிக்கோள் வாக்கியமும் எளிது: தாம் முன்பு படித்திராத, தம் துறை சார்ந்த ஒரு செய்தியை, அத்துறை அறியாதவர் ஒருமுறை கேட்டுப் புரிந்துகொள்ளுமாறு 200 சொற்களில் தமிழில் எழுதவல்லவர்.

இவ்விடையில் பார்க்கவேண்டியவை அனைத்தும் கண்ணுக்குப் புலப்படுவன. ‘லிட்டருக்கு 2.4 மில்லிகிராம்’ என்னும் எண்ணை மட்டும் எழுதி நிறுத்தினாரா, அது அளவுக்கு எவ்வளவு மேல் என்பதையும், குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படிவதையும் சேர்த்துரைத்தாரா? காய்ச்சினால் ஃபுளூரைடு நீங்காது, நீர் வற்றுவதால் அதன் செறிவு மிகவே செய்யும் என்பது கட்டுரையில் இருந்தால், கேட்போர் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுவே என்று உணர்ந்து முன்னே வைத்தாரா? ‘செறிவு’ என்னும் கலைச்சொல்லை அப்படியே விட்டாரா, விரித்தாரா? அச்சத்தை மட்டும் எழுப்பிவிட்டு, எந்த நீரைக் குடிப்பது என்பதைக் கூறாமல் முடித்தாரா? நினைவு, புரிதல், பகுத்தல், படைத்தல் என்னும் படிகள் இங்குத் தனித்தனியே நிற்பதில்லை. ஒரே செயலில் கலந்து நிற்கின்றன. இலக்கியமும் இதனால் வெளியேறவேண்டியதில்லை. படித்திராத ஒரு சங்கப் பாடலை அருஞ்சொற்பொருளோடு தந்து, அதனைத் தம் தங்கைக்கு விளக்கிக் கடிதம் எழுதுமாறு கேட்கலாம். துணைநூலில் அதற்கு விடை கிடையாது.

இதற்கு எதிராகக் கூறப்படுவன எளிதில் தள்ளத்தக்கன அல்ல. மையத் திருத்தகத்தில் நாளொன்றுக்குக் கட்டுக்கட்டாக விடைத்தாள்களைப் பார்க்கும் ஆசிரியர், விடைக்குறிப்பு இல்லாத விடையை எவ்வாறு ஒரே சீராக மதிப்பிடுவார்? இரு திருத்துநர் ஒரே கடிதத்துக்கு நான்கும் எட்டும் இட்டால் மாணவர்க்கு நீதி எது? இவற்றுக்கு விடை, வினாவைக் கைவிடுவதன்று. திருத்துநர் பணி தொடங்கும் முன்னர் இருபது விடைகளைச் சேர்ந்து படித்து, வேறுபட்ட இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது. அமெரிக்க அட்டவணை முறையில் இதற்கென்றே ஒரு தனிப் படி உண்டு. அதற்கு அரைநாள் ஆகும். 25 மதிப்பெண் அகமதிப்பீட்டில் தொடங்கினால் பல்கலைக்கழக ஒப்புதலுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. முதற்பருவத்தில் எழுதிய ஒரு பக்கத்தைத் துறையில் பாதுகாத்து வைத்து, நான்காம் பருவத்தில் அதே வகை எழுத்தை மீண்டும் எழுதச் செய்து, இரண்டையும் மாணவர் கையிலேயே கொடுக்கலாம். அப்போது சிவப்பு மையால் எழுதுவது பக்கத்தின் மேலே ஓர் எண்ணாக இராமல், ஓரத்தில் ஒரு குறிப்பாக இருக்கும்.